கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையில்: மலேசியத் தமிழரும் குற்றவியல் வழக்குகளில் சட்ட உதவியும்

முன்னுரை

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொல்லப்படுவது கொலைக்களக் காதையில். அவன் பொருட்டு வழக்கு எடுத்துரைக்கப்படுவது வழக்குரை காதையில். இவ்விரண்டுக்கும் இடையே மூன்று காதைகள் உள்ளன. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டுமே நம்பிப் பாண்டியன் காவலரை ஏவினான். கோவலன் தரப்பில் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்னும் எளிய வேறுபாட்டை உரிய வேளையில் எடுத்துக்காட்ட ஒருவர் இருந்திருப்பின் வழக்கு அவ்வளவில் முடிந்திருக்கும். வாதம் சரியானதே, ஆனால் அது காலம் கடந்து வந்தது. குற்றவியல் வழக்குகளில் சட்ட உதவி என்பதன் அடிப்படைச் சிக்கலை இக்காப்பியம் இவ்வாறு உணர்த்துகிறது எனலாம். வழக்கறிஞர் கிடைப்பாரா என்பது ஒரு வினா. அவர் எப்போது கிடைப்பார் என்பது அதனினும் பெரிய வினா.

கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரத்தில் வாழும் தமிழர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கைது செய்யப்பட்ட ஓர் இளைஞனின் பெற்றோர் முதலில் நாடுவது பெரும்பாலும் வழக்கறிஞரை அன்று. ஆலயத் தலைவரை, கட்சிக் கிளைத் தலைவரை, பக்கத்து வீட்டு ஆசிரியரை. அவ்வாறு நாடப்படுவோருள் தமிழாசிரியர் முக்கியமானவர். ஆகவே, மலேசியாவில் குற்றஞ்சாட்டப்படும் ஒருவருக்குள்ள உரிமைகள் யாவை, அவற்றைப் பெற்றுத்தரும் அமைப்புகள் எவை, அவை எங்கே நின்றுவிடுகின்றன, இதில் தமிழ்ச் சொற்கள் ஏற்படுத்தும் குழப்பம் என்ன என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாறு காட்டும் மூன்று நிலைகள்

மலாயாத் தமிழரின் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெறும் மூவரின் நிலையை ஒப்பிட்டு நோக்கினால் சட்ட உதவியின் பொருள் தெளிவாகும்.

முதலாமவர் ஆர். எச். நாதன். தமிழ் நேசன் இதழில் பணியாற்றியவரும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் முன்னின்றவருமான இவர், 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களின்போது மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். இது நிர்வாக ஆணையால் நிகழ்ந்தது. நீதிமன்றமே இல்லாத இடத்தில் வழக்கறிஞருக்கு வேலையில்லை.

இரண்டாமவர் எஸ். ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய இவர், அவசரகாலத்தில் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1949 மார்ச்சு மாதம் மரண தண்டனை பெற்றார். மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தண்டனையைத் தடுக்க இந்திய அரசு மேற்கொண்ட முயற்சி பயனளிக்கவில்லை. இங்கு நீதிமன்றம் இருந்தது, விசாரணையும் நடந்தது. ஆனால் கைதிலிருந்து தூக்குமேடை வரை கழிந்த காலம் ஏறத்தாழ இரண்டு மாதங்களே. எதிர்வாதம் முழுமையாக வளர அக்காலம் போதுமானதாகாது.

மூன்றாமவர் சம்பசிவம். இவரும் அதே அவசரகாலச் சட்டவிதிகளின்கீழ் ஜொகூரில் குற்றஞ்சாட்டப்பட்டவர். துப்பாக்கி ஏந்தியது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று என இவர்மீது இரு குற்றச்சாட்டுகள். முதல் விசாரணையில் தோட்டாக்கள் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து விடுதலை பெற்றார். துப்பாக்கி பற்றிய குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை ஆணையிடப்பட்டது. மறுவிசாரணையில், துப்பாக்கி, தோட்டா இரண்டையும் வைத்திருந்ததாகக் கூறும் வாக்குமூலம் ஒன்று அவருக்கு எதிராக முன்வைக்கப்பட்டது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தோட்டாக்களைப் பற்றி ஏற்கெனவே விடுதலை பெற்றுவிட்டவரை, அவ்விடுதலை நிகழாததுபோல் கருதி அதே வாக்குமூலத்தால் தண்டிக்க இயலாது என்னும் வாதம் அங்கு ஏற்கப்பட்டு, 1950ஆம் ஆண்டு தண்டனை நீக்கப்பட்டது. ஒரு முறை பெற்ற விடுதலைத் தீர்ப்பு பின்னர் நடைபெறும் வழக்குகளையும் கட்டுப்படுத்தும் என்னும் கோட்பாட்டுக்கு இத்தீர்ப்பு இன்றளவும் பொதுச்சட்ட நாடுகளில் மேற்கோளாக எடுத்தாளப்படுகிறது.

கணபதிக்கும் சம்பசிவத்துக்கும் பொருந்திய சட்டம் ஒன்றே. மேல்நிலை மன்றம் வரை வாதத்தை எடுத்துச் செல்லக் காலமும் ஆளும் அமைந்தமையே சம்பசிவத்தைக் காத்தது. உண்மை தானே வெளிப்படும் என்னும் நம்பிக்கையை இவ்விரு வழக்குகளும் ஐயத்துக்குரியதாக்குகின்றன. உண்மையை உரிய மன்றத்தில், உரிய வடிவில், உரிய காலத்தில் எடுத்துரைக்க ஒருவர் வேண்டும்.

அரசியலமைப்பு தரும் உரிமை

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி தனிமனிதச் சுதந்திரத்தைப் பற்றியது. கைது செய்யப்பட்டவருக்கு அதன் காரணம் இயன்ற விரைவில் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவரால் வாதாடப்படவும் அனுமதிக்கப்பட வேண்டும் என்று அவ்விதியின் 3ஆம் உட்பிரிவு கூறுகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவர் மாஜிஸ்திரேட் முன்னிலையில் நிறுத்தப்பட வேண்டும் என்பது 4ஆம் உட்பிரிவு.

எழுத்தில் இவ்வளவு தெளிவாக உள்ள உரிமை நடைமுறையில் எப்போது தொடங்குகிறது என்பதே நெடுங்காலச் சிக்கலாக இருந்தது. 1975ஆம் ஆண்டு ஊய் ஆ புவா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், வழக்கறிஞரை நாடும் உரிமை கைதான நாளிலேயே தொடங்குகிறது. எனினும் கைதானவுடனேயே அதனைச் செயற்படுத்த இயலாது என்று தீர்ப்பளித்தது. தனிமனிதரின் உரிமையும் காவல் துறையினரின் புலனாய்வும் ஒருசேரக் காக்கப்பட வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். நடைமுறையில் உரிமை இருந்தது. அதன் கடிகாரம் மட்டும் காவல் நிலையத்தின் கையில் இருந்தது. 1987ஆம் ஆண்டு பினாங்கு உயர் நீதிமன்றம் சவுல் ஹமிட் வழக்கில், தடுத்துவைக்கும் காலத்தை நீட்டிக்கக் கோரும் விசாரணையிலும் கைதானவர் வழக்கறிஞரைக் கொண்டிருக்கலாம் என்று ஏற்றது.

ஏனைய நாடுகளும் இதே வினாவை எதிர்கொண்டுள்ளன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963ஆம் ஆண்டு கிடியன் வழக்கில், வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்கு அரசே ஒருவரைத் தர வேண்டும் என்றது. 1966ஆம் ஆண்டு மிராண்டா வழக்கில், விசாரணைக்கு முன்பே அவ்வுரிமை எடுத்துரைக்கப்பட வேண்டும் என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1979ஆம் ஆண்டு உசைனாரா காதூன் வழக்கில் இலவசச் சட்ட உதவியை நியாயமான விசாரணையின் கூறாகக் கண்டது. வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமை வேறு. அமர்த்தித் தரப்படும் உரிமை வேறு. மலேசிய அரசியலமைப்பு வெளிப்படையாகக் கூறுவது முன்னதை மட்டுமே. பின்னது சட்டங்களாலும் திட்டங்களாலும் படிப்படியாக வளர்ந்தது.

முதல் 24 மணி நேரம்

2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பில் 28ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. இதன்படி, கைதானவரை விசாரிக்கத் தொடங்கும் முன்னரே, தாம் இருக்கும் இடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கலாம் என்பதையும், வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளலாம் என்பதையும் காவல் அதிகாரி அவரிடம் கூற வேண்டும். அதற்கென நியாயமான கால அவகாசம் தந்து, அதுவரை விசாரணையை ஒத்திவைக்க வேண்டும். வழக்கறிஞருடன் பேசுவதைக் காவலர் பார்க்கலாம். இயன்றவரை அது அவர் செவியில் படாதவாறு அமைய வேண்டும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. உடன்குற்றவாளி தப்பிவிடுவார், சான்றுகள் அழிக்கப்படும், சாட்சிகள் அச்சுறுத்தப்படுவர், பிறர் பாதுகாப்புக்குத் தீங்கு நேரும் என்று நம்பக் காரணமிருப்பின், துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி ஒருவர் காரணங்களைப் பதிவு செய்து இவ்வுரிமையை மறுக்கலாம். ஆகவே, வழக்கறிஞர் மறுக்கப்பட்டால், மறுத்தவர் எப்பதவியினர், காரணம் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்பது குடும்பத்தாரின் முறையான வினாவாகும்.

வாக்குமூலம் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். 112ஆம் பிரிவின்கீழ் காவல் துறையினர் வாக்குமூலம் பெறலாம். ஆனால் தம்மைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடிய வினாவுக்கு விடையளிக்க மறுக்கும் உரிமை வாக்குமூலம் தருபவருக்கு உண்டு. 2007ஆம் ஆண்டுக்குப் பின்னர், விசாரணையின்போது தரப்படும் வாக்குமூலம் பொதுவாக அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. எனினும் சில தனிச் சட்டங்களில் இதற்கு விலக்குண்டு. எந்தச் சட்டத்தின்கீழ் கைது நிகழ்ந்தது என்பதை முதலில் கேட்டறிவதன் தேவை இதனால் விளங்கும்.

24 மணி நேரத்துக்கு மேல் தடுத்துவைக்க வேண்டுமாயின் 117ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டின் ஆணை தேவை. இதுவே வழக்கில் ரிமாண்ட் எனப்படுவது. 14 ஆண்டுகளுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயின் முதல் ஆணை 4 நாட்களுக்கும் அடுத்த ஆணை 3 நாட்களுக்கும் மேற்படலாகாது. மரண தண்டனைக்கோ 14 ஆண்டுகளும் அதற்கு மேலுமான சிறைக்கோ உரிய குற்றமாயின் முறையே 7 நாட்கள், 7 நாட்கள். கால அளவை முடிவு செய்யும்போது கைதானவரோ அவருடைய வழக்கறிஞரோ கூறுவதை மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும் என்றும் அப்பிரிவு விதிக்கிறது.

இவ்விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடியது. ஆயினும் வழக்கறிஞர் ஒருவர் அங்கு நின்றால், கேட்கப்படும் நாட்கள் ஏன் தேவை, இதுவரை நடந்த புலனாய்வு யாது, கைதானவர் உடலில் காயம் உளதா, அவர் மருந்து உட்கொள்பவரா என்பன பதிவேட்டில் ஏறும். ஒரு நிலையத்தில் காலம் முடிந்து வெளிவந்தவரை வாசலிலேயே மற்றொரு நிலையத்தார் கைது செய்யும் சங்கிலி ரிமாண்ட் முறையும் அவ்வாறு கேள்விக்குள்ளாகும்.

இப்பதிவின் இன்றியமையாமையை உணர்த்தும் துயர நிகழ்வுகள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே உள்ளன. 2009 சனவரி 20ஆம் நாள், கார் திருட்டுத் தொடர்பில் கைதான ஏ. குகன் என்னும் 22 வயது இளைஞர் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் உயிரிழந்தார். அவர் தாயார் தொடுத்த வழக்கில், 2013ஆம் ஆண்டு கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் காவல் துறையினரும் அரசும் பொறுப்பாவர் எனத் தீர்ப்பளித்தது. 2017 பிப்ரவரியில் கிள்ளானில் கைதான மற்றொரு தமிழரின் உடல்நிலையைக் கண்ட மாஜிஸ்திரேட், ரிமாண்ட் ஆணை வழங்க மறுத்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப் பணித்தார். ஆயினும் அன்றிரவே அவர் வட கிள்ளான் காவல் தலைமையகத்தில் உயிர்நீத்தார். நீதிமன்றத்தின் ஆணை பிறந்தால் மட்டும் போதாது, அது நிறைவேறுகிறதா என்று பின்தொடர ஒருவர் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. காவல் துறையினர் மீதான முறையீடுகளை ஆராயச் சுதந்திரக் காவல்துறை நடத்தை ஆணையம் 2023 சூலை 1 முதல் சட்டப்படி இயங்கத் தொடங்கியது. முறையீடு என்பது நிகழ்ந்த தீங்குக்குப் பின்னர் வருவது. வழக்கறிஞரின் வருகை தீங்கு நிகழும் முன்னர் அமைய வேண்டுவது.

பிரிக்பீல்ட்ஸ் நிகழ்வு

சட்ட உதவி வழக்கறிஞர்க்கே இவ்வுரிமை மறுக்கப்பட்ட நிகழ்வு ஒன்றும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 2009 மே 7ஆம் நாள் இரவு, பிரிக்பீல்ட்ஸ் காவல் தலைமையகத்தின் முன் மெழுகுவத்தி ஏந்திக் கூடியோர் கைது செய்யப்பட்டனர். அவர்களைச் சந்திக்கச் சென்ற கோலாலம்பூர் சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர் ஐவர் தாமும் கைது செய்யப்பட்டு மறுநாளே விடுவிக்கப்பட்டனர். வழக்கறிஞர் மன்றம் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டிக் கண்டித்தது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தி, வழக்கறிஞர்களின் கைது மனித உரிமை மீறல் என்று கண்டது. 28ஏ பிரிவு நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ இருபது மாதங்கள் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது. சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்ப்பதும் காவல் நிலைய முகப்பில் அதனை நிலைநிறுத்துவதும் வெவ்வேறு பணிகள் என்பது இதனால் பெறப்படும்.

உதவி தரும் அமைப்புகள்

வசதியற்றோர்க்கு உதவும் அமைப்புகளை நான்காகப் பகுக்கலாம்.

ஒன்று, அரசின் சட்ட உதவித் துறை. 1970ஆம் ஆண்டில் பணியகமாகத் தொடங்கி, 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தால் நிலைபெற்ற இவ்வமைப்பு, பெரிதும் குடும்பவியல், உரிமையியல், ஷரியா வழக்குகளையே கையாண்டு வந்துள்ளது. குற்றவியலில் இதன் பங்கு நெடுங்காலம் குறுகியதாகவே இருந்தது.

இரண்டு, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள். 1980களில் தோன்றிய இவை வழக்கறிஞர்களின் சொந்தப் பங்களிப்பாலும் உழைப்பாலும் நடப்பவை. பயிற்சி வழக்கறிஞர்கள் இம்மையங்களில் பணியாற்றுகின்றனர். வழக்கறிஞரின்றி நீதிமன்றக் கூண்டில் நிற்போர்க்கு அங்கேயே உதவுவதும், சிறைக்குச் சென்று ஆலோசனை வழங்குவதும் இவற்றின் பணிகளுள் அடங்கும்.

மூன்று, தேசியச் சட்ட உதவி அறவாரியம். 2011ஆம் ஆண்டு அரசும் வழக்கறிஞர் மன்றமும் இணைந்து உருவாக்கிய இவ்வறவாரியம், 2012 ஏப்ரல் 2ஆம் நாள் முதல் செயற்படத் தொடங்கியது. கைது, ரிமாண்ட், பிணை, தண்டனைக் குறைப்பு வேண்டுகோள், விசாரணை, மேல்முறையீடு எனக் குற்றவியல் வழக்கின் எல்லாப் படிநிலைகளையும் உட்கொண்டதே இதன் சிறப்பு. கைது, ரிமாண்ட் நிலைகளில் வருமானச் சோதனை இன்றி உதவும் வகையில் இது வகுக்கப்பட்டது. விசாரணை நிலையில், தொடக்கக் காலத்தில் ஆண்டு வருமானம் 25,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதோர்க்குக் கட்டணமில்லை. 36,000 ரிங்கிட் வரை உள்ளோர் 300 ரிங்கிட் பங்களிக்க வேண்டும் என விதிக்கப்பட்டிருந்தது. இத்தகைய வரம்புகள் காலந்தோறும் திருத்தப்படுபவை. பழைய துண்டறிக்கையை நம்பாமல் உரிய அலுவலகத்தில் உறுதி செய்துகொள்வது நன்று.

நான்கு, நீதிமன்றம் அமர்த்தித் தரும் வழக்கறிஞர். மரண தண்டனைக்குரிய வழக்குகள் அறவாரியத்தின் திட்டத்துக்குப் புறம்பானவை. அவற்றில் வசதியற்றவருக்கு உயர் நீதிமன்றமே வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. 2023 சூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டமையால், தண்டனையைத் தேர்ந்தளிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு வந்துள்ளது. முன்பு குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் வாதம் முடிந்தது. இப்போது தண்டனை பற்றிய வாதமே உயிரைக் காக்கவல்லது. வழக்கறிஞரின் பணி இதனால் குறையவில்லை, பெருகியுள்ளது.

இவ்வமைப்பில் தமிழரைப் பெரிதும் பாதிக்கும் இடைவெளி ஒன்றுண்டு. அறவாரியத்தின் உதவி குடிமக்களை நோக்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது பிறப்புப் பதிவோ திருமணப் பதிவோ இன்றிப்போன குடும்பங்கள் உள்ளன. இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தும் அடையாள அட்டை பெறாத ஒருவர் கைதானால், அவர் வழக்கறிஞர் மன்றத்தின் மையத்தையே சார்ந்து நிற்க நேர்கிறது. ஆவணமின்மை அவரைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அதே ஆவணமின்மை உதவியையும் தொலைவில் நிறுத்தும்.

பிணையும் குற்றத்தை ஏற்றலும்

குற்றஞ்சாட்டப்பட்ட நாளில் நிகழும் இரு முடிவுகள் வழக்கின் போக்கை வகுக்கின்றன. முதலாவது பிணை. பிணைக்குரிய குற்றமாயின் பிணை உரிமையாகும். பிணைக்குரியதன்றாயின் அது நீதிமன்றத்தின் முடிவைப் பொறுத்தது. மரண தண்டனைக்கோ ஆயுள் சிறைக்கோ உரிய குற்றத்தில் பொதுவாகப் பிணை மறுக்கப்பட்டாலும், 16 வயதுக்குட்பட்டவர், பெண், நோயுற்றவர் ஆகியோரை 388ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் விடுவிக்கலாம். பிணைத்தொகை அளவுக்கு மீறியதாக இருத்தலாகாது என்பதும், அதனைக் குறைக்குமாறு உயர் நீதிமன்றத்தை வேண்டலாம் என்பதும் 389ஆம் பிரிவின் பொருள். பிணை தண்டமன்று, வழக்குக்கு வருவார் என்பதற்கான உறுதி மட்டுமே. இதனை அறியாத குடும்பங்கள் தொகை திரட்ட இயலாமல், இன்னும் குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாத மகனைச் சிறையில் விட்டுவிடுகின்றன.

இரண்டாவது, குற்றத்தை ஏற்பதா, மறுத்து விசாரணை கோருவதா என்பது. ஏற்றுக்கொண்டால் இன்றே முடியும், தண்டம் கட்டி வீடு திரும்பலாம் என்னும் அறிவுரை நீதிமன்றத் தாழ்வாரங்களில் எளிதாகக் கிடைப்பது. அதன் விளைவு எளிதன்று. குற்றத்தை ஏற்றுத் தண்டனை பெற்றவர், 305ஆம் பிரிவின்படி, தண்டனையின் அளவு அல்லது அதன் சட்டத்தகுதி பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்ய இயலும். தாம் குற்றமற்றவர் என்று பின்னர் வாதாடும் வாயில் அடைபட்டுவிடும். தண்டனை குற்றப்பதிவேட்டில் ஏறும். வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் கோரப்படும் நன்னடத்தைச் சான்றிதழைப் பெறுவதில் தடை நேரலாம். மேல்முறையீட்டு அறிவிப்புக்கு உரிய காலம் 14 நாட்களே. குற்றத்தை ஏற்கும் ஒருவர் அதன் தன்மையையும் விளைவையும் உணர்ந்தே ஏற்கிறாரா என்று நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். உணர்வதற்கு உதவுபவர் வழக்கறிஞர்.

சிறப்புச் சட்டங்களின் நிலை

மேற்கூறியன யாவும் பொதுவான நடைமுறைக்கு உரியன. 2012ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைச் சட்டம், அதாவது சொஸ்மா, 28 நாட்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் வரை தாமதப்படுத்தவும் அதிகாரம் தந்தது. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகள் அமைப்போடு தொடர்புடையோர் என்று கூறப்பட்டுச் சட்டமன்ற உறுப்பினர் இருவர் உள்ளிட்ட 12 தமிழர் இச்சட்டத்தின்கீழ் கைதாயினர். அவர்களின் வழக்கறிஞர்கள் பிணைத் தடையையே எதிர்த்து வாதாடினர். 2019 நவம்பர் 29ஆம் நாள், பிணையை மறுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார்.

1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம், அதாவது பொக்கா, இதனினும் கடுமையானது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர், குண்டர் கும்பல் தொடர்பான சந்தேகத்தில் ஒருவரை நீதிமன்ற விசாரணையின்றி ஈராண்டு வரை தடுத்துவைக்க அது வழிவகுத்தது. அதன்கீழ் நடைபெறும் விசாரணை அதிகாரியின் ஆய்வில், தம் சொந்தச் சாட்சியம் பதிவு செய்யப்படும் வேளை தவிர வழக்கறிஞருக்கு இடமில்லை என்றும் விதித்தது. ஆர். எச். நாதன் நின்ற இடத்துக்கு அருகில் மீண்டும் ஒருவரைக் கொண்டு நிறுத்தும் ஏற்பாடு இது. எனினும், தடுப்பாணையின் நடைமுறைக் குறைகளைக் காட்டி ஆட்கொணர்வு மனுத் தொடுக்கலாம்.

சொற்கள் ஏற்படுத்தும் குழப்பம்

சட்டம் மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. செய்தி தமிழ் நாளேடுகள் வழியும் வாய்மொழியாகவும் மக்களை அடைகிறது. இடையில் நிற்கும் தமிழ்ச் சொற்கள் சில, வேறுபட்ட இரு நிலைகளை ஒன்றாக்கிவிடுகின்றன. தமிழ்த்துறையினரின் கவனத்துக்கு நான்கினை முன்வைக்கலாம்.

முதலாவது, தடுப்புக் காவல். இச்சொல் 117ஆம் பிரிவின் ரிமாண்டையும் குறிக்கிறது. பொக்கா போன்ற சட்டங்களின்கீழ் வழக்கின்றித் தடுத்துவைப்பதையும் குறிக்கிறது. முன்னதற்கு நாள் வரம்பும் மாஜிஸ்திரேட்டும் உண்டு. வழக்கறிஞர் நேரே வாதாடலாம். பின்னதில் வழி முற்றிலும் வேறு. முன்னதை விசாரணைக் காவல் என்றும் பின்னதை வழக்கின்றித் தடுத்துவைத்தல் என்றும் பிரித்து வழங்கலாம்.

இரண்டாவது, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்னும் தொடர். காவல் நிலையத்தில் கூறியதும் நீதிமன்றத்தில் கூறியதும் இத்தொடரால் ஒன்றாகின்றன. முன்னது பொதுவாகச் சான்றாகாது. பின்னது தீர்ப்பையே தருவது. முன்னதற்கு வாக்குமூலம், பின்னதற்குக் குற்றத்தை ஏற்றல் என்பன பொருந்தும்.

மூன்றாவது, ஜாமீன். காவல் நிலையம் தரும் பிணையில் வெளிவந்தவர்மீது இன்னும் குற்றச்சாட்டே சுமத்தப்படாதிருக்கலாம். நீதிமன்றப் பிணையில் வந்தவரோ குற்றஞ்சாட்டப்பட்டவர். காவல் நிலையப் பிணையை வழக்கின் முடிவென்று எண்ணி, குறித்த நாளில் செல்லத் தவறுவோர்க்கு இச்சொல்லே பொறியாகிறது.

நான்காவது, விடுதலை. 254ஆம் பிரிவின்கீழ் அரசுத் தரப்பு வழக்கைத் தொடராதபோது ஒருவர் விடுவிக்கப்படலாம். அது முழு விடுதலை ஆகாது. அதே குற்றச்சாட்டு மீண்டும் வரலாம். நீதிமன்றம் முழு விடுதலை அளித்தால் மீண்டும் குற்றஞ்சாட்ட இயலாது. சம்பசிவத்தைக் காத்தது இவ்வேறுபாட்டின் ஆற்றலே. விடுவிப்பு, விடுதலை என்னும் இரு சொற்களும் தமிழில் ஏற்கெனவே உள்ளன. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்காமலிருப்பதே செய்ய வேண்டியது.

நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உதவி உண்டு. ஆனால் அவர் விசாரணையை மொழிபெயர்ப்பவர், ஆலோசகர் அல்லர். மலாய் மொழியை அன்றாட வாழ்வில் சரளமாகப் பேசுவோரும் சட்ட மலாயில் தடுமாறுவது இயல்பு. புரியவில்லை என்று கூறி மொழிபெயர்ப்புக் கோருவது இழிவன்று. சட்டம் தரும் உரிமை.

ஆசிரியர் ஆற்றக்கூடியது

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைச் சிறார் எனக் கொள்கிறது. சிறார் கைதானால் பெற்றோர்க்கு அறிவிக்கப்பட வேண்டும். வழக்கு சிறார் நீதிமன்றத்தில் நடைபெறும். குற்றச்சாட்டு அவருக்குப் புரியும் எளிய மொழியில் விளக்கப்பட வேண்டும். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை கருதப்படும். அவ்வறிக்கைக்கு மாணவனின் வருகைப் பதிவும் பள்ளிச் சான்றும் துணையாகும். இதில் ஆசிரியரின் பங்கு நேரடியானது.

பெற்றோர் நாடி வரும் இரவில் ஆசிரியர் வழக்கறிஞராக மாற வேண்டியதில்லை. கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை சிலவே: கைதானவர் எந்த நிலையத்தில், எந்தத் தடுப்பகத்தில் உள்ளார்; எந்தச் சட்டம், எந்தப் பிரிவு; கைது செய்யப்பட்ட நேரம்; புலனாய்வு அதிகாரியின் பெயர்; மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் இடமும் வேளையும்; நோய், மருந்து விவரம். இவற்றோடு அறவாரியத்தையோ சட்ட உதவி மையத்தையோ அன்றே தொடர்புகொள்ளச் செய்வது வேண்டும். பிரமுகர் ஒருவரின் பரிந்துரைக்காகக் காத்திருக்கும் ஒரு நாளில் ரிமாண்ட் விசாரணை முடிந்துவிடும். பரிந்துரை கேட்பது தோட்ட வாழ்க்கை கற்பித்த பழக்கம். அங்குக் கங்காணியும் கிராணியும் துரையுமே முறையீட்டின் படிகளாயிருந்தனர். நகர வாழ்வின் நீதிமன்றத்துக்கு அப்பழக்கம் பொருந்தாது.

முடிவுரை

மலேசியச் சட்டம் கைதானவருக்கு வழக்கறிஞரை நாடும் உரிமையைத் தருகிறது. 2007ஆம் ஆண்டுத் திருத்தமும் 2012ஆம் ஆண்டு அறவாரியமும் அவ்வுரிமையை ஏழை எளியோருக்கும் அண்மைப்படுத்தின. எனினும் விதிவிலக்குகள், சிறப்புச் சட்டங்கள், ஆவணமின்மை, சொற்குழப்பம், காலத்தாழ்ச்சி ஆகியன உரிமைக்கும் உரியவருக்கும் இடையே நிற்கின்றன. இவற்றுள் சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் பணி. சொல்லைத் திருத்துவதும் அறிவைப் பரப்புவதும் தமிழ் கற்பிப்போர் இன்றே செய்யக்கூடியவை. விசாரணைக் காவலுக்கும் வழக்கின்றித் தடுத்துவைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்தாம் படிவ மாணவர்க்கு ஒரு பாடவேளையில் விளக்கிவிட இயலும். அம்மாணவருள் ஒருவருக்கேனும், அவர் குடும்பத்தில் ஒருவருக்கேனும், அவ்விளக்கம் தேவைப்படும் நாள் வரக்கூடும். அந்நாளில் வழக்குரை கொலைக்களத்துக்கு முன்னதாக வர வேண்டும்.